இருபத்து மூன்றாம் கல்

திருவனந்தபுரத்துக்கு நான் போனது சாமி கும்பிடவோ கடல் பார்க்கவோ அல்ல. சமஸ்தானப் படை இந்தியப் படையோடு சேர்ந்த பிறகு, அதன் நிலத்தையும் கட்டடங்களையும் அளந்து பட்டியல் போட 1952 ஜனவரியில் என்னை அனுப்பினார்கள். வெயில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும் மாதம் அது.

நாகர்கோவிலில் காலை ஆறரைக்கு பஸ். நாற்பத்திரண்டு மைல், ஒன்றேகால் ரூபாய். பத்து மணிக்குத் தம்பானூர் பஸ் நிலையம். ஆரியசாலையில் ஒரு தமிழ் வியாபாரியின் மாடியில் அறை கிடைத்தது. நான் அளக்க வேண்டிய படை முகாம் அங்கிருந்து கிழக்கே மூன்று மைல். குதிரை வண்டிக்காரர் பன்னிரண்டணா கேட்டார். நான் தயங்கியதும், “மிலிட்டரின்னா நடக்க வேண்டே சாரே?” என்று சிரித்தார். துப்பாக்கி பிடிக்கிற ஆளல்ல, அளவு நாடா பிடிக்கிற ஆள் என்றேன். எட்டணாவுக்கு வந்தார்.

நான்கு நாட்கள் உடைந்த ஓடுகள், காலியான குதிரை லாயம், துப்பாக்கிச் சுடுதளத்து மண்மேடு, காய்க்கும் பலா, காய்க்காத பலா என்று எழுதித் தள்ளினேன். தேசப் பாதுகாப்பில் என் பங்கு அவ்வளவுதான். ஐந்தாம் நாள் எல்லைக் கற்கள். இருபத்திரண்டாம் கல் இருந்தது, இருபத்து நான்காம் கல் இருந்தது, நடுவில் ஒன்றைக் காணோம். எல்லை திரும்புவதே அந்த இடத்தில்தான். பழைய வரைபடமோ சரியாக அங்கேதான் மடிப்பில் கிழிந்திருந்தது.

இரண்டு மணி நேரம் புதரைக் கிளறினேன். எல்லையோரத்து வீட்டுக்காரி பகவதியம்மாள் பக்கத்துக் கிணற்றில் இறைத்துத் தண்ணீர் கொடுத்தார். கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து குடித்தேன். தோதான ஓர் இடத்தில் புதுக் கல் நட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

“நீங்க இருக்கதுதான் சாரே அந்தக் கல்லு,” என்றார் அவர்.

புரட்டிப் பார்த்தால் அடியில் 23.

“எங்க வீட்டுக்காரரு துணி துவைக்க உருட்டிக் கொண்டாந்தது. முன்னே கெடந்தது அங்க, அந்தப் பலாத் தூருல.”

பலா மரம் அவர் வீட்டை ஒட்டி நின்றது. கல் அங்கே போனால் கிணறு பதினெட்டு அடி முகாமுக்குள் போய்விடும், முள்வேலியும் வரும் என்றேன்.

“அறியும். நாளைக்கு வேற யாராவது சொன்னா கள்ளத்தனம்னு ஆவும். எனக்கு வேற கிணறு இல்ல சாரே. இனி நீங்கதான் பாத்துச் செய்யணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லைப் பலாவின் அடியில் நட்டேன். பட்டியலில் கிணற்றை எழுதி, அந்த வீட்டுக்கு அதில் நெடுநாள் புழக்கம் உண்டு, வேலியில் வழி விட வேண்டும் என்று சேர்த்தேன்.

மறுநாள் முகாம் அதிகாரி படித்துவிட்டு, “வேலி போடுறதே ஆள் நுழையாம இருக்கத்தான். எவ்வளவு அகலம் விடணும்?” என்றார். திரும்பிப் போய், பகவதியம்மாளை இடுப்பில் குடத்தோடு நிற்கச் சொல்லி நாடாவைப் பிடித்தேன். இரண்டடி எட்டு அங்குலம். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

போகிறவர்களுக்கு: பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் நல்லது. குடை எடுத்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலும். சுடுதளத்தில் சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். கிழக்கு வேலியில், பலா மரத்தடியில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். பழுது என்று நினைத்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.