இம்மாகுலேற்றுக்காக வளர்த்த மூன்று செடிகள்

தோர்ண்டன் ஹீத்தில், செபமாலைமுத்துவின் வீட்டுப் பின்வளவில், தக்காளிகளுக்குப் பின்னால் மூன்று கஞ்சாச் செடிகள் நின்றன. அறுபத்துமூன்று வயதுவரை சிகரெட் தொட்டறியாத மனிதர். பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடமாக வேலை செய்பவர், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். பிடிபட்டால் வழக்கு என்று தெரிந்துதான் வைத்தார். மனைவி இம்மாகுலேற்றின் நோவுக்காக.

முடக்குவாதம் அவளுடைய விரல்களை இஞ்சிக் கிழங்கு போல முறுக்கிவிட்டிருந்தது. கிழமைக்கு ஒரு ஊசி. அது வீக்கத்தைக் குறைத்ததே தவிர, நோவைத் தீர்க்கவில்லை. நோயெதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும், கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். போன மாரியில், கணவரோடு வேலை செய்யும் போலந்துக்காரன் ஒருவன் கொடுத்த ஒரு சிட்டிகைக் கஞ்சாப் பூவைப் புகைத்துவிட்டு இம்மாகுலேற் ஆறு மணித்தியாலம் விடாமல் தூங்கினாள். "செத்துப்போயிட்டன் எண்டு நினைச்சீங்களோப்பா?" என்று காலையில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம்! செபமாலைமுத்து அவனிடம் விதை கேட்டு வாங்கினார்.

ஒரே மகள் றொசாந்தி கோலியர்ஸ் வுட்டில் பார்மசிஸ்ட். அவளுக்கு இருவரும் சொல்லவில்லை.

செப்டெம்பரில் பூக்கள் கனத்தன. வெட்ட மூன்று கிழமை இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் தங்கினால் பூ வெளியே பச்சையாக இருக்கும், உள்ளே அழுகும் என்று போலந்துக்காரன் எச்சரித்தான். செபமாலைமுத்து உள் இலைகளைக் கிள்ளிக் காற்றுக்கு வழி விட்டார். கிளைகளை மூங்கில் தடிகளில் விரித்துக் கட்டினார். மேலே மட்டும் பொலித்தீன் கூரை போட்டார். வேலைக்குப் போகமுன் ஒவ்வொரு தண்டையும் பிடித்து உலுக்கிப் பனியை உதிர்த்தார்.

ஒக்டோபர் முதல் கிழமை மழை காற்றோடு பக்கவாட்டில் அடித்தது. அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. பொலித்தீனை நிலம்வரை இழுத்து, நாலு பக்கமும் கல் வைத்து மூடிவிட்டு, இரண்டு நாள் டபுள் ஷிப்டுக்குப் போனார். மழை அன்று பின்னேரமே விட்டிருந்தது. மறுநாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் திறந்தபோது உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. கொழுத்த பூவொன்றைப் பிரித்தார். நடுவில் சாம்பல் நிறத் தூள் புகையாய் எழும்பியது. அடுத்த பூவும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் வெட்டிக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினார். இம்மாகுலேற் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு குசினிக் கதவுவரை வந்தாள்.

"எறியாதேங்கோ."

"முழுக்கப் பூஞ்சணம். ஒண்டும் மிச்சமில்லை."

"நல்லதைத் தெரிஞ்செடுத்து வெட்டித் தாங்கோ."

"உம்முடைய உடம்புக்கு ஏலாது. உந்தத் தூள் நெஞ்சுக்குள்ளை போனால் என்ன நடக்குமெண்டு தெரியாது."

"இனிக் கெட என்ன கிடக்கு என்ர உடம்பிலை? ஒரு கிழமை நித்திரை கொண்டால் போதும். அதையும் தரமாட்டீங்களோ?"

முப்பத்தாறு வருடத்தில் அவரிடம் அவள் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அவர் பையை அவிழ்த்தார். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த துண்டுகளைக் கத்தியால் வெட்டியெடுத்து உலர்த்தினார். ஒரு ஜாம் போத்தல்கூட நிரம்பவில்லை.

அதைப் புகைத்து ஐந்து நாள் அவள் நன்றாகத் தூங்கினாள். ஒன்பதாம் நாள் இருமல் தொடங்கியது. பிறகு காய்ச்சல், சளியில் இரத்தம், அம்புலன்ஸ்.

நுரையீரலில் பூஞ்சணம் பற்றியிருக்கிறது என்றார் டொக்டர். பூஞ்சணம் பிடித்த எதையாவது சுவாசித்தாரா என்று கேட்டார். "எங்கட வீட்டிலை அப்படி ஒண்டும் இல்லை," என்றாள் றொசாந்தி உடனே. செபமாலைமுத்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் போனபின் மகள் கேட்டாள்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அப்பா?"

"நீ விட்டிருக்க மாட்டாய் பிள்ளை."

"ஓம், விட்டிருக்க மாட்டன். அம்மா இண்டைக்கு வீட்டிலை இருந்திருப்பா."

இம்மாகுலேற் பத்தொன்பது நாள் கிடந்தாள். தொண்டைக்குள் குழாய் இருந்ததால் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் சாப்பாடு. எப்படிப் பிள்ளை இப்படித் திடீரென்று என்று ஒரு மாமி கேட்டாள். றொசாந்தி தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா குடுத்தவர். பூஞ்சணம் பிடிச்ச கஞ்சா. அங்கை இருக்கிறார், கேட்டுப் பாருங்கோ."

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பின.

"ஓம். நான்தான் குடுத்தனான்," என்றார் செபமாலைமுத்து. மனைவிதான் கேட்டாள் என்று சொல்லவில்லை. செத்தவளை அத்தனை பேருக்கு நடுவில் இழுக்க மனம் வரவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு மகள் வரவில்லை. தனிய இருந்து யோசித்து யோசித்து, அவர் போன் எடுத்தார்.

"பிள்ளை, நான் எறியத்தான் கட்டி வைச்சனான். அம்மாதான் வேணுமெண்டு கேட்டவ."

றொசாந்தி சொன்னாள்: "செத்த ஆளிலை பழியைப் போடுறீங்களே. வெக்கமில்லையே உங்களுக்கு?"

போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த நாள் அழைத்தபோது அந்த இலக்கம் எடுபடவில்லை. செபமாலைமுத்து இன்னமும் ஷிப்டுக்குப் போய்வருகிறார். கோயிலில் கடைசி வரிசையில் இருக்கிறார். பூசை முடியமுன் எழும்பி வந்துவிடுகிறார்.