ரோட்டில் நடந்ததென்று அக்கா சொல்லவில்லை

என் அக்கா பாறசாலையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நான் நெய்யாற்றின்கரையில் வாகன இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் அன்றும் வேலை பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேரின் தொழிலும் ஒருநாள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

அப்பா அம்பூரியில் ஜீப் ஓட்டினவர். மலையிலிருந்து ரப்பர் ஷீட்டுகளைப் பனச்சமூட்டுக் கடைகளுக்கு இறக்குவார். அந்த ஜீப்பில்தான் அக்கா ஓட்டப் படித்தாள். எனக்கும் சொல்லித்தந்தார், இறக்கத்தில் வளைவு வந்தால் எனக்குக் கால் பிரேக்கை விட்டு எழும்பாது. அக்காவுக்கு வளைவு வந்தால்தான் முகம் தெளியும்.

கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்து, அத்தான் ஷார்ஜாவுக்குப் போன பிறகு அவள் பள்ளியைத் தொடங்கினாள். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு பழைய கார், வீட்டு வாசலில் ஒரு போர்டு, அவ்வளவுதான். வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்சுகள், பள்ளி ஆசிரியைகள், பேரப்பிள்ளைகளைக் கொண்டுவிட ஆசைப்பட்ட ஓய்வுபெற்ற பெண்கள் என்று பலர் வந்தார்கள். பொழியூர்க் கடற்கரையிலிருந்து ஒரு மீன்காரச் சேச்சி, சொந்தமாக வண்டி வாங்கி மீன் ஏற்றவேண்டும் என்று தினமும் பஸ் ஏறி வந்து படித்தாள். அக்கா யாரையும் சத்தம் போட்டதில்லை. “கிளச்சை மெதுவா விடு மக்கா, கோழிக்குஞ்ச தரையில இறக்கி விடுத மாதிரி” என்பாள். மற்ற பள்ளிகளில் அழுதுவிட்டு வந்த பெண்கள் அவளிடம் உரிமம் வாங்கிப் போனார்கள்.

பாடம் நடத்துகிறவர்கள் நாள் முழுதும் இரண்டாவது கியரிலேயே வாழ்கிறார்கள். அவளுக்குள் வேறு ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. அத்தான் ஒரு புதிய சிவப்புக் கார் வாங்கித்தந்த அடுத்த வருஷம், ஒரு சாயங்காலம் சாயா போட்டுக்கொண்டே கேட்டாள்.

“எலே, ஒரு காரியம் கேக்கணும். நம்ம சொந்தக் காரை ரேஸ் ஓட்டுத எடத்துல ஓட்டி எதும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கிட்டுமா?”

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் ஓடுபாதையில், சில நாட்களில் சாதாரண ஆட்களைத் தங்கள் காரோடு வந்து ஓட்டிப்பார்க்க விடுகிறார்களாம். ட்ராக் டே என்று பேர். போனில் பார்த்திருக்கிறாள்.

“கிட்டாது” என்றேன்.

“ரேஸ் இல்லலே. போட்டியுமில்ல, பரிசுமில்ல. சும்மா ஓட்டிப் பாக்கதாக்கும்.”

“ரேஸுக்கும் கிடையாது, வேகம் சோதிச்சுப் பாக்கதுக்கும் கிடையாதுன்னு பாலிசியில உண்டு அக்கா. நீ போறது வேகம் பாக்கத்தானே? கம்பெனிக்காரன் அதத்தான் சொல்லுவான்.”

“அந்த ஒரு நாளைக்குன்னு தனியா பாலிசி எடுக்க ஒக்காதா?”

வெளிநாடுகளில் அப்படி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளுக்காக எனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் விசாரித்தும் பார்த்தேன். வீட்டு உபயோகத்துக்கு வாங்கின காருக்கு அப்படி ஒன்று தர யாரும் தயாராக இல்லை. போய்ச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

“அப்பம் இடிக்காம ஓட்டணும். அவ்வளவுதானே?”

துணைக்கு நானும் போனேன். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கல்லூரி முடித்த வயசுப் பையன்கள். அவர்கள் கார்கள் நின்ற நிலையிலேயே உறுமின. அக்கா சுடிதார் போட்டு, இரவல் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். ஒருத்தன் மரியாதையாகத்தான் கேட்டான், “ஆன்ட்டி, யார்கூட வந்திருக்கீங்க?”

“எனக்க தம்பிகூட. ஆனா ஓட்டுதது நானாக்கும்” என்றாள்.

முதல் சுற்றுகளில் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இறங்கிக்கொண்டார், இறங்கும்போது அவளிடம் எங்கே ஓட்டப் படித்தீர்கள் என்று கேட்டார். மதியத்துக்குள் அந்தப் பையன்களில் இரண்டு பேர் அவள் காரின் பின்னாலேயே போய், அவள் வளைகிற இடத்தில் வளைந்து பழகினார்கள். இடைவேளையில் வந்தாள். முகம் சிவந்திருந்தது, நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது. பத்து வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள்.

“எலே, அந்த மூணாவது வளைவு உண்டுல்லா...” என்று தொடங்கினாள்.

“டயர் தேயுது அக்கா. போதும், போவோம்” என்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போனாள்.

பின்மதியம் லேசாகத் தூறியது. அவளுக்கு முன்னால் போன கார் ஒரு வளைவில் வழுக்கிச் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அதன்மேல் மோதாமல் இருக்க அக்கா ஸ்டியரிங்கை வெளியே ஒடித்தாள். ஈரப் புல்லில் சக்கரம் பிடிக்கவில்லை. கார் விலகிப் போய், அடுக்கிவைத்திருந்த டயர்ச் சுவரையும் அதன் பின்னாலிருந்த தடுப்பையும் சேர்த்து இடித்து நின்றது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவளே இறங்கிவிட்டாள். ஒரு கையால் மறு தோளைப் பிடித்திருந்தாள்.

“அந்தப் பையனுக்கு ஒண்ணும் இல்லல்லா?” என்பதுதான் அவள் கேட்ட முதல் வார்த்தை.

அவனுக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்குத் தோளில் சதை பிசகியிருந்தது. காரின் முன்பக்கம் உள்ளே போயிருந்தது. ஒரு சக்கரம் திரும்பி வேறு திசை பார்த்தது.

காரை லாரியில் ஏற்றி, நாங்களும் அதிலேயே முன்னால் உட்கார்ந்து வந்தோம். நாகர்கோவிலில் சாயா குடிக்க நிறுத்தியபோது அத்தான் கூப்பிட்டார். நடந்ததை முன்பே சொல்லியிருந்தோம். போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மச்சான், நான் யோசிச்சுட்டேன். ஆரல்வாய்மொழி பக்கம் மாடு குறுக்க சாடிச்சுன்னு எழுது. நல்ல காத்தும் மழையும்னு சொல்லு. நீ அந்த ஆபீஸிலதானே இருக்க? யாரு கேக்கப் போறா?”

நான் வாய் திறப்பதற்கு முன் அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ரோட்டுலன்னு சொல்லப்பிடாது” என்றாள்.

“ஏன்?”

“ரோட்டுல நான் கொண்டு இடிச்சேன்னு ஆனா, நாளைக்கு எந்தப் பெண்ணு எங்கிட்ட படிக்க வருவா? இத்தன வருஷம் ரோட்டுல எனக்க கையால ஒரு கோழிக்கு அடிபட்டதில்ல.”

“டிராக்குலன்னு சொன்னா அவனுவ தரமாட்டானுவ.”

“தராண்டாம்.”

அத்தான் போனை வைத்துவிட்டார். நான் சாயாவுக்குக் காசு கொடுத்தேன். பொய் சொல்ல அவள் மறுத்தது தர்மத்துக்காக என்று ஊரில் யாராவது நினைத்திருந்தால் அது பாதிதான் சரி. அது அவள் தொழிலின் மானம். அதை நான் மதித்தேன். ஆனால் அந்த இடத்தில் அவளிடம் சொல்லவில்லை.

நடந்தபடியே எழுதிக் கொடுத்தோம். போட்டி இல்லை, நேரம் குறிக்கவில்லை, இன்னொரு ஆளைக் காப்பாற்ற ஒடித்ததுதான் என்று கம்பெனி மேலதிகாரியிடம் எனக்குத் தெரிந்த எல்லா வாதத்தையும் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “உங்க அக்கா போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டிருப்பாங்களே, நீங்க என்ன சொன்னீங்க?” என்றார். நான் அவளிடம் சொன்னதையே கம்பெனி எனக்குத் திருப்பிச் சொன்னது.

காரை இருந்த நிலையிலேயே காட்டாக்கடையில் பழைய வண்டி உடைக்கிற ஒருவர் எடுத்துப் போனார்.

அக்கா கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது வேறு. ஊரில் பரவிய செய்தியில் ஓடுபாதை இல்லை, மழை இல்லை, குறுக்கே நின்ற கார் இல்லை. டிரைவிங் டீச்சர் காரைக் கொண்டு இடிச்சு நொறுக்கிட்டா, அதுதான் செய்தி. பனச்சமூட்டு பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என்னிடம், “எந்த வளைவுலயாக்கும்?” என்று கேட்டார். ரோட்டில் இல்லை என்று விளக்கத் தொடங்கினேன். பாதியில் அவர் பஸ் வந்துவிட்டது. புதிதாகச் சேர யாரும் வரவில்லை. படித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் வீட்டில் விடமாட்டேங்கிறார்கள் என்றார்கள்.

பொழியூர் சேச்சி மட்டும் ஒருநாள் ஒரு பொதி நெய்மீனோடு வீடு தேடி வந்தாள். அவளுக்கு அப்போது உரிமம் கிடைத்துவிட்டது, வரவேண்டிய அவசியமில்லை. நான் உள்ளே அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். “டீச்சரே, எத்தற ஸ்பீடு போச்சு? உள்ளதப் பறயணும், பயமா இருந்துச்சா?” என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. அக்கா சிரித்தாள். கொஞ்ச நேரம் முற்றத்தில் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அக்கா தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள். நான் பேசி முடித்து வெளியே வந்தபோது சேச்சி கிளம்பிவிட்டாள், அக்கா மீன் கழுவப் போயிருந்தாள். அந்த வருஷம் முழுதும் நான் அவளிடம் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயரையும் கம்பெனியையும் பற்றித்தான் பேசினேன். அன்று எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்ட ஒரே ஆள் அந்தச் சேச்சி.

அத்தான் விடுமுறைக்கு வந்தார். சண்டை போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இனி நீ இங்க தனியா கெடக்காண்டாம்” என்றார். பள்ளிக் காரையும் விற்றாயிற்று. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் ஷார்ஜாவுக்குப் போனாள். அங்கே ஓட்ட வேண்டுமென்றால் புதிதாகப் படித்துப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கவேண்டுமாம். அவள் அதற்கு முயலவில்லை. கடைக்கும் பள்ளிக்கும் அத்தான் கொண்டுபோய் விடுகிறார்.

நான் அவளிடம் சொன்னதெல்லாம் சரிதான். காப்பீடு கிடைக்காது என்றேன், கிடைக்கவில்லை. டயர் தேய்கிறது என்றேன், தேய்ந்துதான் இருந்தது. இத்தனை சரியாக இருந்தும் ஏன் இப்படிக் கனக்கிறது என்று சில நேரம் யோசிக்கிறேன். சரியாக இருப்பது எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதை வீட்டுக்கும் கொண்டுபோயிருக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் என் மகள் ஓட்டப் படிக்கப் போனாள். நெய்யாற்றின்கரையில் ஒரு மாஸ்டர். கெட்டிக்காரர், ஆனால் கத்துவார். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்க வரவில்லை என்று ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். நான் ஏதோ சொல்லிப்பார்த்தேன். எனக்கே வராத வேலை அது. அவள்தான் அத்தையிடம் கேட்போம் என்றாள். போனில் கூப்பிட்டு, மகள் சொன்னதை அக்காவிடம் சொன்னேன்.

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

“எனக்கென்ன தெரியும்லே” என்றாள் அக்கா. “இப்பம் நான் ஓட்டுததில்லல்லா. அந்த மாஸ்டர் சொல்லுதபடி கேட்கச் சொல்லு.”

வேறு விஷயம் பேசினோம். மழை உண்டா என்று கேட்டாள், உண்டு என்றேன். மறுநாளும் என் மகள் அந்த மாஸ்டரிடம்தான் போனாள்.