பச்சை பூசிய ராணுவ ஆம்புலன்ஸ்

"பழைய ராணுவ ஆம்புலன்ஸ் விற்பனைக்கு. கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று அத்தா இணையத்தில் விளம்பரம் போட்டபோது நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் என்ற சொல்லை அவ்வளவு தாராளமாக வேறு யாரும் பயன்படுத்தி நான் கண்டதில்லை. கூரை ஒழுகியது. தரைத் தகட்டின் ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. கதவை இழுத்தால் கைப்பிடி கையோடு வந்தது. எஞ்சின் மட்டும், அதற்கு மனசு வந்தால், ஓடும்.

அத்தா குவைத்தில் மெக்கானிக்காக இருந்தவர். இனி ஊரோடு இருந்துவிடுவது என்று வந்து, ராணுவம் கழித்துக்கட்டிய அந்த வண்டியை ஏலத்தில் எடுத்தார். காரைக்குடி, கண்டனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் எப்போதும் ஏதாவது படப்பிடிப்பு நடக்கும், வாடகைக்கு விடலாம் என்பது திட்டம். கல்யாணத்தையும் பங்காளிச் சண்டையையும் எடுக்க வந்தவர்களுக்கு ராணுவ ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்று கோழிக்கு நிழல் கொடுத்தது.

எங்கள் தெருவில் சபர் என்று வெளிநாட்டுக்குப் போய் வந்த ஆம்பளையிடம் சுகம் விசாரித்த கையோடு "எப்பப் பயணம்?" என்று கேட்டுவிடுவார்கள். பயணம் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா, வரும்போதெல்லாம் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத் தம்பி உக்காந்திருப்ப?" என்பார். கடைசியில் அத்தா இறங்கிவந்தார். வண்டி விற்றால் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஆகும். விற்காவிட்டால் பயணம் கிடையாது.

எனக்கு அத்தா போக வேண்டும் என்றுதான் இருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அத்தா போனில்தான் இருந்தார். அவர்களிடம்தான் வாசனை ரப்பரும் தங்கத்தாள் சுற்றிய மிட்டாயும் இருந்தன. என் அத்தாவோ கிரீஸ் கையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கினார். அம்மா இதில் எதுவும் சொல்லவில்லை. பயணம் கிளம்புகிறவரைப் போகாதீங்க என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய வண்டிகள் சேர்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வண்டியைத் தடவித் தடவிப் பார்த்து, விலை பேசி முடித்து, அடுத்த வாரம் லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அத்தா மறுநாளே மெடிக்கல் டெஸ்டுக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறினார்.

அவர் போன அன்றே அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஜன்னலுக்கு அடித்து மீந்திருந்த பச்சை எனாமலை எடுத்துப் பூச ஆரம்பித்தாள். அது ராணுவப் பச்சை இல்லை, கிளிப்பச்சை. தீர்ந்ததும் என்னைக் கடைக்கு அனுப்பி இன்னும் இரண்டு டப்பா வாங்கிவரச் சொன்னாள். கதவில் வெள்ளையாக எழுதியிருந்த ராணுவ எண்கள், வண்டியின் மங்கிய பழைய நிறம், எல்லாம் உள்ளே போயின. பக்கவாட்டில் இருந்த சிவப்புச் சிலுவைக் குறியை மூடுவதை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு பூசினேன். அவ்வளவு சந்தோஷமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை. தெருவே வந்து பார்த்து, புது வண்டி மாதிரி இருக்கு என்றது.

அத்தா திரும்பிவந்த காலையில்தான் லாரியும் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இதச் சுரண்டினா பழசும் சேந்து வந்துருமுங்க. எனக்கு வேண்டாமுங்க" என்றார். அவர் முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகமாக இருந்தது.

"யாரு அடிச்சா?" என்று அத்தா கேட்டார்.

"நாந்தேன். வெல குடுத்து வாங்குறவுக, அழுக்கு வண்டியவா கொண்டுபோவாகன்னு அடிச்சேன்" என்றாள் அம்மா. கையில் இன்னும் பச்சை போகவில்லை.

"பொம்பளகிட்ட வண்டிய விட்டுட்டுப் போனா இப்படித்தேன்" என்றார் பெரியத்தா. அத்தா திட்டுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பாடு ஆயிருச்சா என்று கேட்டார்.

லாரி வெறுமனே போனது. விசா வேறு ஆளுக்குப் போனது. அத்தா வாசலிலேயே ஒர்க்ஷாப் போட்டார், இன்றும் அதுதான் எங்களுக்குச் சோறு. குடும்பத்தில் யார் எதைக் கெடுத்தாலும், "பச்சை அடிச்சுட்டா" என்று அம்மாவைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் அவளுக்காக வெட்கமாக இருக்கும்.

ஏனென்றால், கோயம்புத்தூர்க்காரர் முதல் தடவை வந்த அன்று, அத்தா வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரத்தில், அம்மா வந்தவருக்கு டீ கொண்டுவந்தாள். பிஸ்கட் தட்டு என் கையில் இருந்தது.

"ஒன்னே ஒன்னுங்க அம்மா" என்றார் அவர். "அந்தப் பழைய பெயிண்டுக்கும் நம்பருக்கும்தான் நான் இவ்வளவு தூரம் வர்றனுங்க. நான் வர்ற வரைக்கும் அதை யாரும் தொட்டுடாமப் பாத்துக்குங்க."

"சரிங்கண்ணே" என்று அம்மா தலையாட்டினாள்.

ஒரே நாளில் இதை மறந்துவிட்டாளே என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.