மாமா திறந்துவிட்ட சொட்டு

குடல்வால் வீங்கிவிட்டது, உடனே ஆபரேஷன் என்று கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. வயிற்றைக் கிழிப்பார்கள் என்று தெரிந்ததும் வலியே மறந்துபோனது. பயம் மட்டும்தான் மிச்சம்.

அம்மாவுக்கு அழுவதற்கே நேரம் சரியாக இருந்ததால், என் பக்கத்தில் தாய்மாமா உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் கத்தரித் தோட்டம் வைத்திருந்தவர். அந்த வருஷம்தான் சொட்டுநீர்ப் பாசனம் போட்டிருந்தார். அதிலிருந்து எங்கே குழாயைக் கண்டாலும் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. என் தலைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா இது, இம்புட்டு மெதுவா விழுது? இப்படி விட்டா பயிரே வாடிப்போகுமே. உள்ள போறப்ப தெம்பா போகணும்ல?" என்று ட்யூபில் இருந்த குட்டிச் சக்கரத்தை உருட்டிவிட்டார்.

சொட்டு தாரையானது. கை ஜில்லென்றது. உடனே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தியேட்டர் வாசலில் வெகுநேரம் கிடந்தேன். அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை.

உள்ளே எல்லோருக்கும் முகமூடி. எங்கே பார்த்தாலும் ட்யூப். எது என்னைக் குத்தப் போகிறதோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மயக்க டாக்டர் மூக்கருகே மாஸ்க்கைக் கொண்டுவந்தார். அப்போது ஒரு சிஸ்டர் என் மணிக்கட்டில் தொடங்கி, ட்யூபை விரலால் தடவிக்கொண்டே மேலே போனார். பாதியில் விரல் நின்றது.

"சார், நிறுத்துங்க! ஃபுல்லா திறந்து கெடக்கு. பாட்டில் முக்கால்வாசி காலி."

சக்கரத்தை மூடினார். டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாப்பா, இத யாரு தொட்டா?" என்றார் சிஸ்டர்.

ஐயையோ, எந்த ட்யூப் எங்கே போகிறது என்று இவர்களுக்கே தெரியவில்லை, தடவித் தடவித் தேடுகிறார்கள், நான் செத்தேன்! 'மாமா' என்று கத்த வாயைத் திறந்தேன்; மாஸ்க் வந்து மூடியது வரைதான் ஞாபகம்.

கண் விழித்தபோது சாயங்காலம். மாமா அப்பாவிடம் அளந்துகொண்டிருந்தார். "நான் தெறந்துவிட்டேன்ல மாப்ள, அந்தத் தெம்புதான் புள்ளையக் காப்பாத்துச்சு."

"வலிக்குதா பாப்பா?" என்றபடி ஒருவர் வந்தார். முகமூடி இல்லாவிட்டாலும் குரல் தெரிந்தது. அதே சிஸ்டர். மறுபடியும் என் மணிக்கட்டில் விரலை வைத்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"நீங்க தொடாதீங்க. ட்யூப் பத்தியெல்லாம் எங்க மாமாவுக்குத்தான் தெரியும். காலையில அவருதான் தெறந்துவிட்டாரு."

சிஸ்டர் திரும்பி மாமாவைப் பார்த்தார். கிட்டே போய் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். "இம்புட்டு வேகமா ஏறி, சின்னப்புள்ள நெஞ்சுல தண்ணி கோத்திருந்தா என்னாகுறது?" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு வந்து, பாட்டில் வரைக்கும் ட்யூபைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமா என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே நடந்தார். டீ குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து, எனக்கு ஒரு வடை வாங்கி வரச் சொன்னேன்.