கால் பட்டதும் இறங்கும் கை

சித்தூரில் நடந்த கராத்தே தேர்வுப் போட்டியில் என்னைத் தோற்கடித்தது என் வலது கைதான். இன்றும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

திருப்பதியில் வேலை முடிந்ததும் நானும் அலுவலகத் தோழியும் மாலை வகுப்புக்குப் போவோம். என்னைவிடச் சின்னவள், திருவள்ளூர்ப் பக்கத்துக்காரி. ஜோடிப் பயிற்சியில் எப்போதும் நாங்கள்தான் ஜோடி. ஒருத்தி உதைக்க வேண்டும், மற்றவள் தடுக்க வேண்டும். உதை தப்பி மேலே பட்டுவிட்டால், ஐயோ கால் பட்டுவிட்டதே என்று உடனே அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவளும் அப்படியே. காசு கொடுத்து உதைக்கப் படிக்கிறோம், உதைத்ததற்கு மன்னிப்பும் கேட்கிறோம்! மாஸ்டர் முதலில் கையை மேலே வைக்கச் சொல்லி, "சேதுலு பைக்கி!" என்று தெலுங்கில் கத்தினார். பிறகு சிரித்துவிட்டு, "பரவாலேது" என்று விட்டுவிட்டார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

போட்டியின் கடைசி நிமிடத்தில் இருவரும் சமம். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மாநிலப் போட்டி. இந்த வயதில் இதை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பு வராது. நான் வீசிய உதை எதிராளியின் தொடையில் உரசியது. தொடைக்குப் புள்ளி கிடையாது, நடுவரும் நிறுத்தவில்லை. என் கை மட்டும் முகத்தை விட்டு இறங்கி, கையுறையோடு அவள் தோளைத் தொடப் போனது. திறந்து கிடந்த என் முகத்தில் அவள் குத்து விழுந்தது. அத்தோடு சரி.

திரும்பும் பேருந்து சந்திரகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, சண்டைக்குப் போயி அவளைத் தொட்டுக் கும்பிட்டுக்கினு நின்னியே!" என்றாள் கூட வந்திருந்த தோழி.

"எல்லாம் உன்கூடப் பழகுன பழக்கம்டி. இனிமே தொடறது, கும்பிடறது எதுவும் கிடையாது. உதைச்சா உதைச்சதுதான்."

"சரிக்கா."

மறுநாள் வகுப்பில் அவள் உதை என் விலாவில் சுளீரென்று இறங்கியது. அவள் கை இறங்கவில்லை. முகத்துக்கு முன்னால் கச்சிதமாக நின்றது. நான் கேட்டது இதைத்தான். ஆனாலும் வலியைவிட அவள் சும்மா நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கால் பட்டுச்சே, இன்னாடி மரம் மாதிரி நின்னுக்கினு கீற?" என்று கத்தினேன்.

அவள் பதறிப்போய்க் கையைத் தாழ்த்தி, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் மனசு ஆறிவிட்டது. சனியன், அவ்வளவு சீக்கிரம் ஆறிவிட்டது.