கிராஸ் இல்லாத ஸ்டாண்ட்

“குறுக்குச் சட்டம் வேண்டாம் என்று சொன்னது நான்தான்.”

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உடைந்த மீன்தொட்டிக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பழி முழுவதும் என் பக்கத்தில் நின்ற தச்சர் மேல் விழுந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்க எனக்கு அரை மணி நேரம் இருந்தது. ஏன் திறக்கவில்லை? மூன்று வருடமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்வது சுலபம். யாரிடம் பயம் என்று யோசித்தால் பதில் வரவில்லை.

வீட்டில் மீன் குஞ்சு பொரித்து விற்கும் பெண்கள் பலர் இதைப் படிப்பீர்கள். தொட்டி, மருந்து, தீனி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டைப் பற்றி நான் எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

1. தச்சர் வந்தார்

கல்யாணமாகி தர்மபுரியிலிருந்து பொம்மனஹள்ளிக்கு வந்தேன். விலங்கியல் படித்தவள். ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். மகள் தர்ஷினி பிறந்ததும் விட்டுவிட்டேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் வாங்கி வளர்த்தேன். அது முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது. எட்டணாக் காசு அளவுக்கு வளர்ந்த குஞ்சுகளை ஓசூர் ரோடில் மீன்கடை வைத்திருந்த ரியாஸ் பாய் வாங்கிக்கொண்டார். இன்னும் வேண்டும் என்றார். இன்னொரு தொட்டி வாங்கி, அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஒரே வாரத்தில் மேசைப் பலகை நடுவில் தொய்ந்தது.

பாய்தான் தேவராஜ் அண்ணனை அனுப்பினார். அல்சூர்க்காரர், ஐம்பது வயதுக்குள் இருக்கும், கதவு ஜன்னல் செய்கிறவர். வந்ததும் என் வரைபடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்.

“இன்னாம்மா இது, பரீட்ச பேப்பரா? மார்க்கு எங்க போடணும்?” என்றார். பிறகு, “தண்ணியோட ஒரு தொட்டி எவ்ளோ வெயிட்டு வரும்?” என்று கேட்டார்.

“மூணடித் தொட்டி அண்ணா. கண்ணாடியோட சேர்த்து நூறு கிலோ.”

“அப்ப மேல ஒரு குண்டன், கீழ ஒரு குண்டன். ரெண்டு பேரும் ஏறி குந்திக்கினா எறங்கவே மாட்டானுங்க. அத மனசுல வெச்சுதான் செய்யணும்.”

அன்று முதல் எனக்கு ‘மீன் டீச்சர்’ என்று பெயர்.

அவர் செய்த விதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டத்தில் நான்கு கால்கள். படுக்கைச் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டி ஸ்க்ரூ போட்டு நிறுத்தவில்லை. காலில் பள்ளம் எடுத்து அதற்குள் உட்கார வைத்தார். அப்போதுதான் பாரம் மரத்தின் மேல் இறங்கும். ஸ்க்ரூவின் மேல் தொங்காது. பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மகோல். கடைசியாகப் பின்பக்கத்திலும் இரண்டு ஓரங்களிலும் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பட்டி. இந்தக் குறுக்குச் சட்டத்துக்கு அவர் சொல் ‘கிராஸ்’.

“இது எதுக்கு அண்ணா? கால்தான் இவ்வளவு தடியா இருக்கே?”

“கதவு நெல வண்டியில வரும்போது பாத்திருக்கீங்களா? மூலைக்கு மூலை ஒரு ரீப்பர் அடிச்சிருப்போம். அது இல்லன்னா வீடு வந்து சேர்றதுக்குள்ள நெல கோணிக்கும். கால் தடிமனு பாரத்துக்கு. கிராஸு கோணாம இருக்கறதுக்கு.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

2. ஏணி

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓரத்துக் கிராஸ் ஒரு ஏணி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தர்ஷினி அதில் இரண்டு கால்களையும் ஊன்றி, மேல் தொட்டிக்குள் கை விட்டு, காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி இறக்கியபோது அவள் சிரித்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாளே தேவராஜ் அண்ணனை வரவழைத்தேன். எல்லாக் கிராஸையும் கழற்றச் சொன்னேன்.

“ஓரத்துல இருக்கற ரெண்டுலதானே ஏறுது? பின்னால இருக்கறது இருக்கட்டும்மா.”

“பின்னால நுழைஞ்சு ஏறினா?”

“கொழந்தயா, எலியா?”

“கழட்டிடுங்க அண்ணா.”

தலையைச் சொறிந்தார். “கழட்டினா ஆடும். சுவத்துல ரெண்டு கிளாம்ப் அடிச்சு ஸ்டாண்ட கட்டிடட்டா? ஹவுஸ் ஓனர் வுடுவாரா?”

எங்கள் ஓனர் சம்மதித்தார். மேல் சட்டத்தை இரண்டு இரும்புக் கிளாம்ப்பால் சுவரோடு பிடித்தோம். அந்த ஸ்டாண்ட் இன்று வரை அசையாமல் நிற்கிறது. அது நின்றதுதான் என்னைக் கெடுத்தது. நிற்க வைத்தது சுவர். நான் ஸ்டாண்டைத்தான் நம்பினேன்.

ரியாஸ் பாய் அதை வந்து பார்த்தார். கிராஸ் இல்லாமல் நாலு பக்கமும் திறந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. “இதே மாடல் என் கஸ்டமர்க்கும் செஞ்சு குடுங்கம்மா” என்றார். அப்படித்தான் எங்கள் வேலை ஆரம்பித்தது. பாய் ஆளை அனுப்புவார். நான் வீட்டுக்குப் போய் இடத்தை அளந்து வரைவேன். தேவராஜ் அண்ணன் செய்வார். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் தண்ணீர் ஊற்றலாம். பதினோரு ஸ்டாண்ட் செய்தோம். கதவு வேலையைக் குறைத்துக்கொண்டு அவர் இதற்கே வந்துவிட்டார். பதினொன்றும் சுவரில் கிளாம்ப் அடித்தவை.

3. பன்னிரண்டாவது

கல்பனா ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள். நான்கு வயதுப் பையன் இருந்தான். வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு மீனுக்கு வந்தாள். நான்தான் உற்சாகப்படுத்தினேன். வாடகை வீடு, முதல் மாடி. அளவெடுக்கப் போனபோது தரை, கதவு, பிளக் பாயின்ட் எல்லாம் பார்த்தேன். சுவரில் துளை போட விடுவார்களா என்று மட்டும் கேட்கவில்லை.

ஸ்டாண்டைத் தூக்கி வந்து வைத்த அன்று, டிரில் சத்தம் கேட்பதற்குள் ஓனரம்மா படியேறி வந்துவிட்டார். “கோடெகெ ஒந்து மொளெனூ ஹொடீபாரது” என்றார். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. கல்பனா கன்னடத்தில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை.

தேவராஜ் அண்ணன் டிரில்லைப் பையில் போட்டார். “அப்ப இத எடுத்துனு போயி கிராஸ் அடிச்சினு வந்துடறேன். நாளிக்கு சாயங்காலம் ஆயிடும்.”

ஒரு நாள். வெறும் ஒரு நாள்தான். ஆனால் மீன் ஜோடி ஏற்கெனவே பையில் வந்து காத்திருந்தது. கல்பனாவின் பையன் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் கிராஸில் ஏறுவதும், தொட்டி அவன் மேல் சாய்வதும் என் கண் முன்னால் ஓடின. நான் ஸ்டாண்டை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

“இறுக்கமாத்தானே இருக்கு அண்ணா. கிராஸ் வேண்டாம். பையனைப் பாருங்க.”

“கண்டிப்பா வேணாமா?”

“வேண்டாம்.”

“சரி, மீன் டீச்சரே சொல்லிட்டாங்க” என்று சிரித்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

காலி ஸ்டாண்டை ஆட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல. இருநூறு கிலோ மேலே ஏறிய பிறகு அது வேறு ஸ்டாண்ட். இந்த வீடுகளில் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகத் தரையே ஒரு பக்கம் சரிந்திருக்கும். என் ரசமட்டம் அதையும் காட்டியது. தாழ்ந்த பக்கத்துக் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு கொடுத்துச் சமன் செய்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மட்டம் சரியானதே தவிர, கோணாமல் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

மூன்று வாரம் நின்றது. அந்த ஜோடி முட்டை வைத்த மறுநாள், தண்ணீர் மாற்றும்போது கல்பனா ஒரு கையை மேல் சட்டத்தில் ஊன்றினாள். அவ்வளவுதான். நான்கு கால்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கண்ணாடி அவள் பாதத்தைக் கிழித்தது. ஆறு தையல். பையன் அப்போது கீழே விளையாடிக்கொண்டிருந்தான்.

4. அரை மணி நேரம்

நான் போனபோது பாயும் தேவராஜ் அண்ணனும் வந்துவிட்டிருந்தார்கள். கல்பனா காலில் கட்டோடு நாற்காலியில் இருந்தாள். ஸ்டாண்ட் தரையில் சரிந்து கிடந்தது. ஒரு சட்டம்கூட உடையவில்லை. எல்லா மூலைகளும் கோணி, ஸ்க்ரூக்கள் பிடுங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மரம் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லாதது கிராஸ்.

“என்னாய்யா தேவராஜ், இது?” என்றார் பாய். “கொழந்த அங்க இருந்திருந்தா? உன்ன நம்பித்தானே ஆள அனுப்பறேன்?”

தேவராஜ் அண்ணன் குனிந்து ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு சட்டத்தை மோந்தும் பார்த்தார். அன்று அவரிடம் கிண்டல் எதுவும் இல்லை. “மரம் கொஞ்சம் பச்சையா இருந்திருக்கும் பாய். காஞ்சதும் ஸ்க்ரூ லூசாயிருக்கும்.”

“பச்ச மரத்துலயா செஞ்ச?”

“நான்தான் பாத்து எடுத்திருக்கணும்.”

அவர் என்னைப் பார்ப்பார், கிராஸைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னால் ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். அவர் பார்க்கவில்லை. கல்பனா என் கையைப் பிடித்து, “உங்க மேல எனக்குக் கோவமே இல்லக்கா. நீங்க பாத்துப் பாத்துதான் செஞ்சீங்க. ஆளு சரியில்ல” என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பாய் அதன் பிறகு வந்த எல்லோரிடமும் “தேவராஜ்கிட்ட போகாதீங்க” என்றார். எனக்கு வேறு தச்சரைக் காட்டினார். கல்பனா கால் ஆறியதும் மறுபடி கார்மென்ட்ஸுக்கே போய்விட்டாள்.

புதிய தச்சரிடம் குழந்தை ஏறும் பிரச்சினையைச் சொன்னேன். “பின்னாடி முழுசா ஒரு பிளைவுட் அடிச்சிட்டா போச்சு. ஓரத்துலயும் அப்படியே. கோணாது, ஏறவும் முடியாது” என்றார். பத்து நிமிட வேலை. நீங்கள் ஸ்டாண்ட் செய்தால் இதைத்தான் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இடமும் வலமும் அலம்பினால் உடனே காலி செய்துவிடுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன எதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நான் வேண்டும் என்று சொன்னதை மட்டும்தான் எழுதி வைத்தேன்.

5. மொட்டை மாடியில் காயும் மரம்

போன மாதம் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் கட்டுகிற இடத்தில் பஸ் நின்றது. “மீன் டீச்சர்!” என்று ஒரு குரல். தேவராஜ் அண்ணன். சட்டையெல்லாம் சிமென்ட். கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். கதவு இழைத்த கை அது. நான் இறங்கிப் போனேன்.

“கொழந்த எப்பிடி இருக்குது? இன்னும் ஏறுதா?”

“ஸ்கூல் போறா அண்ணா. நீங்க ஏன் இந்த வேலைக்கு?”

“மீன் தொட்டியே வேணாம்னு ஆயிடுச்சும்மா. வுட்ட கதவு வேலையும் திரும்பி வர்ல. கிராஸ் வேணாம்னு நீங்க சொன்னது சரிதான், கொழந்த இருக்கற வீடு. நான் காஞ்ச மரமா எடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அந்தப் பொண்ணு காலு இன்னும் கண்ணுலயே நிக்குது.”

அன்று என் தவறை மறைத்து என்னைக் காப்பாற்றினார் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இத்தனை வருடமும் உண்மையாகவே தன் மேல்தான் தவறு என்று நினைத்திருக்கிறார்.

“எட்டு மாசமா வூட்டு மொட்ட மாடியில தார்ப்பா போத்தி சால் மரம் காயப் போட்டிருக்கேன். மழ முடிஞ்சதும் கல்பனாம்மாக்கு ஒரு ஸ்டாண்ட் சும்மாவே செஞ்சு குடுக்கணும். நீங்க என்னக் கூட்டினு போவணும். தனியா போவ மூஞ்சி இல்ல.”

“சரி அண்ணா” என்றேன். அடுத்த பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இப்போதும் மழை பெய்துகொண்டிருக்கிறது. அவர் இன்னும் மரத்தை இழைக்க ஆரம்பித்திருக்க மாட்டார்.

எனக்கு வழி சொல்லுங்கள். முதலில் அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டுமா? அப்படிச் சொன்னால், காரணமே இல்லாமல் மூன்று வருடம் சென்ட்ரிங் பலகை சுமந்தேன் என்று அவருக்குத் தெரியும். அதைத் தெரிவிக்காமலே விடுவதுதான் கருணை என்கிறார் என் கணவர். எனக்கு அது சௌகரியமாகத்தான் படுகிறது, கருணையாகப் படவில்லை. இல்லை, பாயிடமும் கல்பனாவிடமும் முதலில் சொல்லி, அவர் பெயரைச் சரிசெய்துவிட்டு அவரிடம் போகட்டுமா? பாயின் கடை வழியாக வரும் வேலை அதோடு எனக்கு நின்றுபோகும், நிற்கட்டும். அவர் எட்டு மாதம் காயவைத்த மரத்தில் செய்யும் ஸ்டாண்டைக் கல்பனா வாங்கிக்கொள்ளலாமா, கூடாதா? இப்படி ஏதாவது செய்துவிட்டுப் பிறகு போய்ச் சொன்னவர்கள் உங்களில் இருந்தால், வாசலில் நின்று முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். மழை நிற்பதற்குள் எழுதுங்கள்.