கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என் ராத்தா

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா சுபைறா, மருதமுனையில் பெயரெடுத்த பிடிவாதக்காரி. தறியில் இருந்தால் எழும்பமாட்டாள், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அந்தப் பிடிவாதம்தான் அவளைக் கொழும்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

மச்சான் முகைதீன்பாவா, அவள் புருசன், வயிற்றுக் கட்டிக்கு மருந்து செய்யக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனவர். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் பாதையும் தந்தியும் அறுந்து போயின. அவர் உயிர் பிரிந்து மௌத்தான செய்தி வந்து சேர மூன்று கிழமை. நான் விழுந்தடித்துப் போனபோது, கேட்டு ஒருவரும் வராததால் உடலை, அவர் மையித்தை, டாக்டர் மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவனும் வாய் திறக்கவில்லை.

குளிப்பாட்டவில்லை, தொழுவிக்கவில்லை, அடக்கவில்லை. அன்றிலிருந்து ராத்தா வயிறாரச் சாப்பிட்டதை நான் காணவில்லை. அடுத்த வருடக் கடைசியில், கொழும்பில் ஒரு மருத்துவக் கண்காட்சியில் மனித உடல்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். தானே நெய்த வெள்ளைத் துணியை, மையித்தைச் சுற்றி அடக்கும் கபனுக்கென்று மடித்து எடுத்துக்கொண்டாள்.

"வாடா மர்சூக், அவரக் கேட்டு வாங்கி வந்து அடக்குவம்" என்று புறப்பட்டுவிட்டாள்.

கண்காட்சிக்கு உள்ளே மருந்து நெடி தலையைச் சுற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அடிக்கக் கை வந்தது. பெரிய பெட்டியில் ஓர் ஆணின் மையித்து உடுதுணி இல்லாமல் கிடந்தது. ராத்தா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். புருசனென்றால் பார்க்கலாம், அந்நிய ஆணின் மானத்தைப் பார்ப்பது ஹராம்.

"நீ பாரு தம்பி. இடது காலப் பாரு. சுண்டுவிரல் இல்லாட்டி அவர்தான்."

தோணிக்குக் கீழே அகப்பட்டு மச்சான் இழந்த விரல் அது. பார்த்தேன். முகத்தில் பாதித் தோல் இல்லை. நெஞ்சு கதவு மாதிரித் திறந்து கிடந்தது. இடது காலில் நாலு விரல்தான்.

"அவராடா?"

ஓம் என்றால் அவள் திரும்புவாள். அந்த நெஞ்சைப் பார்ப்பாள். என்னால் முடியவில்லை. பாவி நான்.

"இல்ல ராத்தா. இது வேற ஆரோ."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அழுதுவிட்டாள். "அப்ப அவர ஆரோ நல்ல மனிசர் எங்கயோ அடக்கிட்டாங்கடா."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் ராத்தா தானாகக் கேட்டு ஒரு பணிஸ் வாங்கித் தின்றாள். பாதியில் நிறுத்தி என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிறவருக்கும் ஒரு பொஞ்சாதி இருப்பாளே. பாவம்டா, அவள் எங்கெங்க தேடித் திரியிறாளோ."